என் காதும் மாமன் ஜீப்பின் பல்சக்கரமும்

ஏழு வயதுவரை எனக்குக் காது குத்தாமல் இருந்ததற்குக் காரணம் நான்கு டயர்கள். இதைச் சொன்னால் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. சாமி குத்தமா, ஜாதகத்தில் ஏதாவது கோளாறா என்று அக்கறையாக விசாரிப்பார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லைங்க, டயர்தான் என்று நானும் சளைக்காமல் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடி வேண்டும். குலதெய்வம் கோயில் வாசலில் மாமன் சம்மணம் போட்டு உட்கார, அவர் மடியில் பிள்ளையை உட்காரவைத்துத்தான் ஆசாரி ஊசியை எடுப்பார். மாமன் வெறுங்கையோடும் வரக்கூடாது. அரிசி, வெல்லம், வாழைத்தார், துணிமணி, தோடு என்று சீர் வரவேண்டும், மேளம் முன்னால் வரவேண்டும். மாமன் வராமல் காது குத்தினால், அந்த அம்மாவுக்குப் பிறந்த வீடே இல்லை என்று ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் பேசும். எனக்கு இரண்டு வயதில் குத்தியிருக்க வேண்டியது. அந்த வருஷம் பங்காளி வீட்டில் ஒரு சாவு. அடுத்தாற்போல் அப்பா புதுப் பட்டறை போட்டதில் நேரமில்லை. அதற்கப்புறம்தான் டயர் வந்து சேர்ந்தது.

என் மாமன், அதாவது அம்மாவின் தம்பி, காரமடையில் கறிவேப்பிலைத் தோட்டம் வைத்திருந்தார். ஒரு பழைய ஜீப்பை வாங்கி, பிரித்து மேய்ந்து, பச்சைப் பெயின்ட் அடித்து, அதற்கு என் நெஞ்சுயரம் வரும் டயர்களை மாட்டினார். ஞாயிற்றுக்கிழமையானால் சிநேகிதர்களோடு பள்ளத்திலும் சேற்றிலும் வண்டியை இறக்கி ஏற்றுவார்கள். ஆஃப் ரோடு என்று அதற்குப் பெயர். அரசாங்கம் ரோடு போட்டு வைத்திருக்கும்போது எதற்காக ரோடில்லாத இடமாகத் தேடிப் போகிறார்கள் என்று அத்தை கேட்பாள். மாமன் அதற்குள் வண்டியைக் கிளப்பியிருப்பார். ஆனால் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் உலகமே ஒரு சாண் கீழே போய்விடும். அப்படி ஒரு வண்டியை நான் அதுவரை கண்டதில்லை, மாமனைப் போல ஒரு ஆளையும் கண்டதில்லை.

அப்பாவுக்குக் கணபதியில் பட்டறை. பல்சக்கரம் வெட்டுவது தொழில். காலையிலிருந்து பொழுது சாயும்வரை பல், பல், பல்தான். அதனால் ஒரு வண்டியைப் பார்த்தால் அவருக்கு வெளியே இருக்கும் பெயின்ட் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே சுழல்வதுதான் தெரியும். ஒரு கல்யாண வீட்டில், மண்டபத்து வாசலில் ஜீப்பைச் சுற்றி ஒரே கூட்டம். ஆளாளுக்கு டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது அப்பா போய் வாயைத் திறந்தார்.

"டயரை மட்டும் பெருசாப் போட்டாப் பத்துங்களா மாப்ள? அச்சுக்குள்ள இருக்கற பல்லு பழைய பல்லுதானுங்களே. அப்பன் செருப்பைப் போட்டுட்டு நடக்கற பையனாட்டம் இழுத்துட்டுத்தான் போகும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பா சொன்னது முழுக்க உண்மை, அதுதான் வினையாகப் போய்விட்டது. பொய்யாக இருந்திருந்தால் மாமனும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போயிருப்பார். டயர் பெரிதானால் ஒரு சுற்றுக்கு வண்டி அதிக தூரம் போகவேண்டும், அந்தப் பாரமெல்லாம் என்ஜின் தலையில்தான் விழும். சைக்கிளில் மேடேறும்போது பெடல் மிதிக்கவே முடியாமல் நிற்குமே, அந்தக் கதை. சமதளத்திலேயே முக்கி முனகிக்கொண்டுதான் மாமனின் ஜீப் போய்க்கொண்டிருந்தது. அது மாமனுக்கும் தெரியும். தெரிந்ததை நாலு பேர் நடுவில் சொன்னால்தான் கோபம் வரும்.

மாமனின் முகம் சிவந்துவிட்டது. "அம்மணி காதுகுத்துக்கு, கரட்டு மேல இருக்கற உங்க கோயல் வாசல் வரைக்கும் இந்த வண்டியிலதானுங்க நான் சீர் கொண்டாருவேன். ஏறலீன்னா ஏறாத எடத்துலயே சீரை எறக்கி வெச்சுபோட்டுத் திரும்பிப் போயிருவேன்" என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்காராமலே கிளம்பிவிட்டார். கல்யாண வீட்டில் கை நனைக்காமல் போவது எங்கள் பக்கத்தில் சாதாரண விஷயமில்லை. அதோடு அவர் எங்கள் வீட்டுப் படி மிதிப்பது நின்றது. அப்பாவும் காரமடைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இரண்டு வருஷம்.

இதில் நட்டப்பட்டது என் காதுதான். பள்ளிக்கூடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஜிமிக்கி ஆட்டிக்கொண்டு வரும்போது நான் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டைக் காதுமடலில் ஒட்டிக்கொண்டு போவேன். இரண்டாவது பீரியடுக்குள் வியர்வையில் ஒரு பக்கம் விழுந்துவிடும். மீதி நாளெல்லாம் ஒற்றைத் தோடு. "நீ பையனாடி?" என்று கேட்டவளின் பென்சிலை ஒடித்தேன். அவள் டீச்சரிடம் சொன்னாள்.

அம்மாவின் கஷ்டம் இன்னொரு மாதிரி. புருஷனும் தம்பியும் பேசிக்கொள்ளாத வீட்டில் நடுவில் நிற்பவள் என்ன செய்வாள்? என் அம்மா அழவில்லை, பொய் சொன்னார். தம்பிக்கு ஃபோன் போட்டு, "உங்க மச்சான் உனக்கு இருமல் தேவலையான்னு கேட்டாங்கடா" என்பார். ஃபோனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய், "ஏனுங்க, பட்டறையில புது மெஷின் வந்துருச்சான்னு தம்பி கேட்டான்" என்பார். இருவருமே அப்படியொன்றும் கேட்கவில்லை என்பது இருவருக்குமே தெரிந்திருக்கும். என்றாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. கடைசியில் பூசாரியிடம் அம்மாவே நாள் குறித்துக்கொண்டு வந்து, மாமன் சரியென்று சொல்லிவிட்டதாக அப்பாவிடமும், அப்பா சரியென்று சொல்லிவிட்டதாக மாமனிடமும் அறிவித்துவிட்டார். அவரை டெல்லிக்கு அனுப்பியிருந்தால் நாட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும்.

பரீட்சை முடிந்த லீவில் நான் காரமடைக்குப் போனேன். சண்டையில் நான் இல்லாததால் எனக்கு எந்தத் தடையும் கிடையாது. மாமன் ஜீப்பை வேலைக்கு விடப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். உக்கடத்தில் பாய் ஒருவரின் பட்டறை. பெரிய டயருக்குத் தோதாக அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரத்தை மாற்றப் போகிறோம் என்று மாமன் சொன்னார். ஊரெல்லாம் பல்சக்கரத்துக்கு என் அப்பாவைத் தேடி வருகிறது. என் மாமன் கணபதிப் பக்கம் போனால் அப்பா கண்ணில் பட்டுவிடுவோமே என்று ஊரின் மறுகோடியிலிருக்கும் உக்கடம்வரை போனார். வீம்பு என்றால் எங்கள் ஆட்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பின்பக்க அச்சின் நடுவே பூசணிக்காய் போல் புடைத்திருக்கும் உருண்டையைத் திறந்ததும் கறுப்பாக எண்ணெய் கொட்டியது. உள்ளே ஒரு பெரிய சக்கரம், அதைக் கடித்துக்கொண்டு ஒரு சின்னச் சக்கரம். கிரவுன், பினியன் என்றார்கள். என்ஜினிலிருந்து வரும் சுழற்சி சின்னதன் வழியாக வந்து பெரியதைச் சுற்றும், பெரியது டயரைச் சுற்றும். இரண்டின் பல் கணக்கை மாற்றினால், என்ஜின் கூடுதலாகச் சுற்றும், டயர் கொஞ்சமாகச் சுற்றும், ஆனால் இழுவை கூடிவிடும். புதுச் சக்கரத்தை பாய் துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டியபோது, அம்மா நகைக்கடையில் வளையலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அதே மாதிரி மாமன் பார்த்தார்.

ஒரே ஒரு சங்கடம். பின் அச்சுக்குச் சாமான் வந்துவிட்டது, முன் அச்சுக்கு வரவில்லை. "ரெண்டும் ஒரே கணக்கா இருக்கோணும் தம்பி. அதுவரைக்கும் முன்சக்கரத்தையும் சேத்தி இழுக்க வெக்கற அந்த நாலு வீல் லிவரைத் தொட்றாதீங்க. பின்சக்கரம் நடக்கப் பார்க்கும், முன்சக்கரம் ஓடப் பார்க்கும். நடுவுல இருக்கற கியர் பொட்டி சிக்கிக்கும்" என்று பாய் படித்துப் படித்துச் சொன்னார். மாமன் தலையாட்டினார். காதுகுத்துக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை. அன்று சாயங்காலம் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜீப் முனகாமல் போனது. மாமன் ஸ்டீயரிங்கைத் தட்டிக்கொடுத்தார். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

காதுகுத்து நாளன்று விடிந்ததும் கொடுமுடி ஆற்றங்கரையில் எனக்கு மொட்டை அடித்தார்கள். மொட்டைக்கு யார் மடியாக இருந்தாலும் பரவாயில்லை, காதுக்குத்தான் மாமன் மடி கட்டாயம் என்று எங்கள் பங்காளிகள் அப்போதைக்கு வசதியாக ஒரு முடிவு எடுத்தார்கள். அப்பா மடியிலேயே முடி போனது. தலையில் சந்தனத்தைப் பூசியதும் நான் காதுமடலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். முடியும் போயிற்று, தோடும் வரவில்லையென்றால் ஸ்கூல் திறந்ததும் என் கதி என்ன? பென்சில் ஒடிந்தவள் சும்மா விடுவாளா?

எங்கள் குலதெய்வம் அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கரட்டின் மேல் இருக்கிறது. கரடு என்றால் மலையில்லை, பாறையும் முள்ளுமான ஒரு மேடு. கார்களையெல்லாம் அடிவாரத்திலேயே நிறுத்திவிட்டு எல்லோரும் நடந்துதான் ஏறினோம். மேலே போய்ச் சேர்ந்து, தீர்த்தக் குடத்தை இறக்கி, பொங்கலுக்கு அடுப்பு மூட்டி, எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நின்றோம். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மேளச் சத்தம் கேட்டது. அப்புறம் பச்சை ஜீப் தெரிந்தது. முன்சீட்டில் தோடு வைத்த தட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தை, பின்னால் சீர் மூட்டைகள். பாதிக் கரட்டை ஜீப் அருமையாக ஏறிவிட்டது. அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எங்கேயோ பார்ப்பதுபோல் நின்று ஜீப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலுக்குச் சற்றுக் கீழே வழுக்குப்பாறை ஒன்று குறுக்கே கிடக்கும். அதில் பின்டயர் ஒரு முறை சறுக்கியது. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அதில் பாதி பேர் கல்யாண வீட்டில் சிரித்தவர்கள். மாமனுக்கு பாயின் பேச்சு மறந்துவிட்டது. கை பழக்கத்தில் நாலு வீல் லிவரை இழுத்துவிட்டார்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. ஜீப் உடம்பெல்லாம் உதறி, முன்டயர் பாறையைப் பிராண்டி, கடகடவென்று கத்தி, நின்றேபோய்விட்டது. லிவரை விடுவிக்கப் பார்த்தார், அசையவில்லை. மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். "அப்பவே சொன்னாருல்ல" என்று பெரியப்பா முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. மாமன் என்ஜினை அணைத்தார். அப்புறம் இறங்கிப் பின்பக்கம் போய், வாழைத்தாரைத் தூக்கிப் பாறைமேல் வைத்தார்.

சொன்ன சொல்லைச் செய்கிறார் என்று எனக்கே புரிந்துவிட்டது. அம்மா கோயில் வாசலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே ஓட்டமாகக் கீழே ஓடினேன். "மாமா, என்ற காது!" என்று காதைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அவர் என்னைப் பார்க்காமல் அரிசி மூட்டையின் மேல் கை வைத்தார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அப்போது என் பின்னாலேயே செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா.

அப்பா ஜீப்பின் முன்டயர் பக்கத்தில் வந்து நின்றார். மாமன் பின்டயர் பக்கத்தில். நடுவில் சந்தன மொட்டையோடு நான். கை நீட்டினால் ஒருவரையொருவர் தொட்டுவிடலாம். அப்பா என்னைப் பார்த்துப் பேசினார்.

"கண்ணு, பின்னாடி பல்லை மாத்திட்டு முன்னாடியை அப்படியே உட்டுட்டாரான்னு உங்க மாமனைக் கேளு."

நான் திரும்பி மாமனைப் பார்த்தேன்.

"ஆமான்னு சொல்லு அம்மணி. முன்னாடிக்குச் சாமான் வரலீன்னு சொல்லு."

இந்தப் பக்கம் திரும்பினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே வெட்டிக் குடுத்திருப்பனேன்னு சொல்லு."

"கேக்கற மாதிரியா அன்னைக்குப் பேசுனாருன்னு கேளு."

அப்பா முன்டயரின் பக்கம் குனிந்தார். சக்கரத்தின் நடுவில் கை வைத்துப் பார்த்தார். கேட்கச் சொன்னதைக் கேட்க வேண்டுமே என்று நான் வாயைத் திறந்தேன், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். மேளக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் அக்கட்ட பாறைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"வண்டியைச் சித்தெ பின்னால உருட்டிப்போட்டு, முன்னாடி ஹப்பு ரெண்டையும் ஃப்ரீ பண்ணச் சொல்லு" என்றார் அப்பா.

முன்சக்கரத்தின் நடுவில், ஹப்பில், ஒரு திருகு இருக்கும். அதைத் திருப்பிவிட்டால் முன்சக்கரம் அச்சிலிருந்து விடுபட்டுச் சும்மா உருளும். சண்டைபோட ஆளில்லை. லிவர் கூட்டித் தரும் மெதுவான இழுவையெல்லாம் பின்சக்கரத்துக்கே போய்விடும். மாமனுக்கும் தெரிந்த வித்தைதான். அவமானத்தில் அவருக்கு மூளை வேலை செய்யவில்லை. மாமன் ஏறி ஜீப்பை ஒரு முழம் பின்னால் விட்டுவிட்டு இறங்கி வருவதற்குள் அப்பா வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் புழுதியில் மண்டிபோட்டு உட்கார்ந்து ஒரு திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். மாமன் மறுபக்கம் போய் உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் ஜீப். யார் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, நான் வாழைத்தாரை மறுபடியும் உள்ளே தூக்கிவைக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் ஸ்டீயரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"பின்சக்கரம் ரெண்டுந்தான் இழுக்கோணும். பின்னால கனம் பத்தாது. உங்கப்பாவை வந்து ஏறி உக்காரச் சொல்லு."

நான் சொன்னேன். அப்பா மாமனின் முதுகைப் பார்த்தார். ஜீப்பைப் பார்த்தார். அவர் அந்த வண்டியில் அதுவரை கால் வைத்ததில்லை. முழங்காலிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, வாழைத்தாரை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, ஏறி, அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அந்த ஜீப் ஏறியதைப் பார்க்க வேண்டுமே! உறுமல் இல்லை, உதறல் இல்லை. அவசரமே படாமல், பின்டயர் இரண்டும் பாறையைப் பிடித்துப் பிடித்து, அது பாட்டுக்கு ஏறியது. நான் பக்கத்திலேயே நடந்து போகும் அளவுக்கு மெதுவாகப் போனது. மேளம் மறுபடியும் பிடித்துக்கொண்டது. யாரோ விசிலடித்தார்கள். கோயில் வாசலில், பூசாரிக்கு நேர் எதிரே கொண்டுபோய் மாமன் வண்டியை நிறுத்தினார். என்ன வண்டி அது! என்ன ஆள் அவர்!

அம்மா ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு, கீழே என்ன பேசினார்கள் என்று கேட்டார். ஒன்று விடாமல் சொன்னேன். கனம் பத்தாது என்று மாமன் சொன்னதை மட்டும் திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன். சிரித்தார். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்ததே!

மாமன் மடியில் எண்ணெயும் சந்தனமும் சேர்ந்து மணத்தது. ஆசாரி குத்தியபோது நான் போட்ட சத்தம் கொடுமுடிவரை கேட்டிருக்கும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயில் வெல்லத்தைத் திணித்தார். பந்தியில் இருவரும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தார்கள். இப்போது என் உதவி தேவைப்படவில்லை, பல் கணக்கை அவர்களே பேசிக்கொண்டார்கள். சாமானுக்கு இனி காத்திருக்க வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். முன் அச்சை எங்கள் பட்டறையில் வைத்துத்தான் பிரித்தார்கள்.

என் அப்பாவின் கனத்தால்தான் மாமன் ஜீப் கரடு ஏறியது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். காலேஜ் படிக்கும்வரைகூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் நானும் ஜீப் ஓட்டப் பழகி, ஒரு நாள் மேடேறும்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. அந்த நாளில் எங்கள் சொந்தத்திலேயே ஒல்லி என் அப்பாதான். சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்று தேட வேண்டும். அவர் உட்கார்ந்த அரிசி மூட்டை அவரைவிடக் கனம். வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்ற பெரியப்பாவோ, உட்கார்ந்தால் பெஞ்சின் மறுமுனை தூக்கிக்கொள்ளும். கனம் பத்தவில்லையென்றால் மாமன் கூப்பிட வேண்டியது அவரையல்லவா? பல்லையும் பாரத்தையும் கணக்குப் போட்டே பிழைப்பு நடத்திய அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துகொண்டேதான் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஏழு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமன் கூப்பிட்டார், அப்பா ஏறினார், வண்டி மேலே போனது என்பது மட்டும்தான்.